ரகீம் நானாவின் வயல்

மகன்,

வேலையை விட்டுவிடாதே. இந்தக் கடிதத்தில் இதை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்தாலும் எனக்குப் போதும். ஆனால் நீ மடித்து வைக்கமாட்டாய். சின்ன வயதிலேயே ஏன் என்று கேட்காமல் நீ ஒரு வாய் சோறு தின்றதில்லை. அதனால் ஏன் என்பதையும் எழுதுகிறேன்.

மாத முடிவில் கம்பனிக்குக் கடிதம் கொடுக்கப் போவதாக நீ அப்பாவுக்கு அனுப்பிய குரல் பதிவைத் தங்கச்சி குசினிக்குள் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். "இனிக் காணும் அப்பா, உழைச்சது போதும். வீடு தங்கச்சிக்கு, வயல் எனக்கு. இந்த மாரிக்கு நான் வந்து விதைக்கிறன், நீங்கள் வரம்பில கதிரையைப் போட்டுக்கொண்டு இருங்கோ." அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு கோப்பையில் பாதிச் சோறு இருக்கக் கையைக் கழுவினார். அவருக்குச் சந்தோசத்தைக் கொடுத்துவிட்டாய் என்று நீ அங்கே நினைத்துக்கொண்டிருந்திருப்பாய். அவர் பயந்துபோனார். அந்தப் பயம் என்ன என்பதுதான் இந்தக் கடிதம். உன்னோடு வேலை செய்யும் பாலன் லீவு முடிந்து அங்கே திரும்பி வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். நம் வீட்டில் உன்னோடு பேசுவதென்றால் எல்லாருக்கும் கேட்கப் பேசவேண்டும் என்பது அப்பாவின் சட்டம். இதை அப்படிப் பேச ஏலாது.

நீ பார்த்த வயல் எங்கள் வயல் இல்லை. நீ போன பிறகு அப்பா அனுப்பிய ஒவ்வொரு வீடியோவும் ரகீம் நானாவின் வயலில் எடுத்தது. முளை, பச்சை, கதிர், பழுத்த நெல், வெட்டு மெஷின், மூடைகள், வரம்பில் நின்ற கொக்கு, எல்லாம் அவருடையவை. இடத்தை நீ மறந்திருக்கமாட்டாய். கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்குப் போகும் வழியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். வாய்க்கால் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கி அவருக்குப் போகும், மேட்டுக்கு ஏறி எங்களுக்கு வராது. எங்களுக்கு வானம் மட்டும்தான். அது உரிய நேரத்தில் பெய்தால் ஒரு போகம். பிந்திப் பெய்தால் வைக்கோல். பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் நிலத்தில் கடைசியாக எப்போது விதைத்தது என்று அப்பாவைக் கேட்டால் முகட்டைப் பார்ப்பார். அங்கே இப்போது ஈச்சம்பற்றை நிற்கிறது. எருக்கலை நிற்கிறது. பற்றைக்குள் யானை படுத்து எழும்பின தடம் இருக்கிறது. நீ காசு அனுப்பி ஆழப்படுத்தச் சொன்ன கிணற்றுக்குள் யாரோ ஒரு கன்றுக்குட்டியைப் பறிகொடுத்துவிட்டு, வேறு மாடு விழாமல் இருக்க முள்ளைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

இது எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். நீ போன முதல் மாரியில் அப்பா விதைத்தார், அது உண்மை. மழை பிந்தியது. பிறகு ஒரேயடியாகக் கொட்டி விதைநெல்லை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போனது. அந்தக் கிழமைதான் நீ முதல் முறையாகப் போனில் அழுதாய். வெயில் தாங்க ஏலாது, சாப்பாடு இறங்குதில்லை, அனுப்புகிற காசு ஓட்டை வாளியில் ஊற்றுகிற தண்ணி மாதிரி எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்றாய். "என்ர காசு அங்க என்னவா நிக்குது எண்டு ஒருக்காக் காட்டுங்கோ அப்பா" என்று கேட்டாய். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "வயலா நிக்குது மகன்" என்றார். "அப்ப காட்டுங்கோ." அடுத்த நாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னையும் கூப்பிட்டார், அவருக்குப் படம் பிடிக்கத் தெரியாது.

ஆகவே படம் பிடித்தது நான், வாய்க்கால் படத்துக்குள் விழாமல் பார்த்துப் பிடித்தேன். ரகீம் நானா மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கு விசயம் விளங்க நேரம் எடுக்கவில்லை. அப்பாவும் அவரும் ஒரே வாய்க்காலில் குளித்து வளர்ந்தவர்கள், ஒருவர் மற்றவரை நக்கலடிக்காமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. "என்ன மச்சான், கலியாண மாப்பிள்ளை மாதிரிக் கால்சட்டையோட வந்து நிக்கிறாய்? கமக்காரன் எண்டா ஆர் நம்புவான்? சாரத்த மடிச்சுக் கட்டிட்டு வா" என்றார். அப்பா பக்கத்துக் கொட்டிலுக்குள் போய் அவருடைய சாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். "இப்ப சரி. கொஞ்சம் சேறும் பூசு. மிஸ், இவன்ட தொந்திய மறைச்சு எடுங்க, எங்கட பக்கத்து நெல்லத் தின்ற வயிறெண்டு மகன் கண்டுபிடிச்சிருவான்" என்றார் என்னைப் பார்த்து. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் "மகன், பார், இது உன்ர காசு" என்று சொல்லிக் கையை விரித்துக் காட்டினார். நீ அந்த வீடியோவை உன் போனின் முகப்பில் வைத்திருக்கிறாய் என்று பாலன் சொன்னான். அந்தச் சிரிப்பு உனக்காகச் சிரித்ததில்லை என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். பயன் இருந்தது, அதனால் தடுக்கவில்லை. அந்த வீடியோ போன பிறகு நீ அழவில்லை. அதிக நேரம் வேலை கேட்டு வாங்கினாய். உன் முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்று அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பச்சையாக ஒன்றைக் காட்டினால் நீ இன்னும் கொஞ்சம் சுமப்பாய் என்று கண்டுகொண்டேன். போகத்துக்குப் போகம் போய்ப் படம் பிடித்தோம். ஒரு முறை ரகீம் நானாவின் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வரப் பிந்தியது. நான் அப்பாவிடம் "அடுத்த கிழமை எடுப்பம், இப்ப கொஞ்சம் மஞ்சளாக் கிடக்கு" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் குரலையே கேட்டேன், தரகன் ஒருவனின் குரல் மாதிரி இருந்தது. இருந்தாலும் அடுத்த கிழமை போய் எடுத்தோம்.

நான் வேலை செய்யும் கந்தோரில் ஒருமுறை கருத்தரங்கு வைத்தார்கள். மழையை நம்பிய வறண்ட கிராமங்களில் வெளிநாட்டு வேலை என்பது குடும்பங்களின் வாழ்வாதார உத்தி என்று வந்தவர் விளக்கினார். பலகையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் குடும்பம் என்று எழுதினார். வட்டத்திலிருந்து ஒரு அம்புக்குறி வெளியே போனது, இன்னொரு அம்புக்குறி காசோடு உள்ளே வந்தது. வெருகல் பக்கமிருந்து வந்திருந்த ஒரு மனிசி கையை உயர்த்தி, "ஐயா, அந்த உத்திக்கு எத்தின வயசு வேணும்? என்ர மூத்தவனுக்கு இன்னும் பதினெட்டு முடியேல்ல" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அம்புக்குறியின் நுனியில் அவர் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். அந்த இடத்தில் நீ நிற்கிறாய் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தேத்தண்ணி வந்ததும் எழும்பிப் போய்க் குடித்தேன்.

உன்னைத் தெரிந்தெடுத்து அனுப்பியது நான்தான். அப்பாவும் இல்லை, முகவரும் இல்லை. யார் போவது என்று நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு யோசித்து முடித்தேன். அப்பாவின் வயதுக்கு யாரும் எடுக்கமாட்டார்கள். நான் போனால் கந்தோர் வேலை போய்விடும். தங்கச்சியை அனுப்பினால் பிறகு அவளுக்கு மாப்பிள்ளை வராது. மிச்சம் நீ. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, இன்னொரு தரம் எழுதிப் பார்க்கிறேன் அம்மா என்று வந்து நின்றாய். "எழுதி?" என்று கேட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் நான் கேட்கவில்லை, நீயும் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டாய். பட்டம் எடுத்தவள் நான், மகன். எடுத்துவிட்டு, உன்னை மடியில் வைத்துக்கொண்டு, அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு முன்னால் தகரக் கொட்டிலில் வேலை கேட்டுப் பதாகையோடு குந்தியிருந்தவள். அங்கே என் பக்கத்தில் இருந்தவள் முதல் வகுப்பில் சித்தியடைந்தவள், வெயிலில் மயங்கி விழுந்தாள், பிறகு தையல் கடைக்குப் போனாள். அதனால் உன் ஆசையை நான் மதிக்கவில்லை. அதே நாள் திரும்ப வந்தாலும் அதே சொல்லைத்தான் கேட்பேன். இதை ஒரு தாயின் மன்னிப்பாக வாசித்து மனம் இளகிவிடாதே.

இரண்டாவது கிணற்றுக்கு நீ அனுப்பிய காசு எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் கிணற்றை ஆழப்படுத்தினோம், உவர்த் தண்ணீர் வந்தது, அப்படியே விட்டுவிட்டோம். அது அப்பா உனக்குச் சொல்லாதது. குழாய்க் கிணறு அடிக்கவென்று நீ மறுபடி அனுப்பினாய். அந்த நேரம் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே பெருவிரலால் தரையை மெல்லத் தடவிப் பார்த்தாள். "சீமெந்துத் தரையும் காலுக்குக் குளிர்ச்சிதான், என்ன?" என்று தன் புருசனைப் பார்த்துச் சொன்னாள். "ஓம், பழைய வீடுகளில இதுதானே" என்றார் அவர். அவ்வளவுதான் கதை. பலகாரம் தின்றார்கள், எங்கள் நாயைப் பற்றிக் கேட்டார்கள், போனார்கள். அடுத்த கிழமை மாபிள் பதிக்க ஆள் வந்தது. உன் குழாய்க் கிணற்றின் மேல்தான் தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்த சனம் நடந்து திரிந்தது. நல்ல மாபிள், வெள்ளையில் சாம்பல் கோடு ஓடினது. நீ வீடியோவில் பார்த்து, "அப்பா எங்க இருந்து எடுத்தவர் இந்தளவு காசு?" என்று கேட்டாய். "நெல்லு நல்லா விலை போனது" என்று சொன்னது அப்பா இல்லை, நான்.

நம் ஊர் வழக்கம் உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அதற்குள் வந்து குடியிருப்பான். பெற்றவர்கள் பின்னால் ஒதுங்குவார்கள், இப்போது நானும் அப்பாவும் பழைய குசினியைத் தட்டி வைத்து மறைத்து இருக்கிறமாதிரி. ஆணுக்குத் தாய் வீட்டில் நிரந்தரமாக ஒரு மூலை கிடையாது. நீ அங்கே ஆம்பிளைகள் மட்டும் படுக்கும் கொட்டகையில் கிடந்து இதை மறந்துபோனாய் என்று நினைக்கிறேன். முன் அறைக்கு உன் அறை என்று பெயர் வைத்து, நீல நிறம் அடிக்கச் சொன்னாய். அடித்தோம். அதற்குள் மருமகனின் மோட்டார்சைக்கிள் நிற்கிறது. அவன் கெட்டவன் இல்லை. நீ வருகிறாய் என்று கேட்டதும், "அண்ணன் எத்தின நாள் நிப்பார் மாமி?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். தங்கச்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது, அது பிறந்தால் தொட்டில் அந்த அறையில்தான் என்று முடிவாகிவிட்டது. உனக்கு வீடு வேண்டுமென்றால் கலியாணம் கட்டு. அது உன் பெண்சாதியின் வீடாக இருக்கும். அந்த வீட்டையும் அவளுடைய அண்ணன் ஒருவன் எங்கேயோ வெயிலில் நின்று கட்டியிருப்பான். அந்தத் தரையில் கால் வைக்கும்போது அவனை நினைத்துக்கொள், மற்றவர்கள் நினைக்கமாட்டார்கள்.

நாங்கள் மட்டும் உனக்குப் பொய் சொல்லவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும், நீயும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறாய். பாலன் வந்த இரண்டாம் நாள் சவர்க்காரமும் சொக்கலேட்டும் கொண்டு வீட்டுக்கு வந்தான். அப்பா வெளியே போயிருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "மகன் இப்பவும் மேற்பார்வையாளர்தானே?" என்று கேட்டேன். அவன் கோப்பையைப் பார்த்தான். "அன்ரி, நான் சொன்னது எண்டு அவனிட்டச் சொல்லாதேங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் இரும்புக் குழாய் பூட்டிறனாங்கள், கட்டடம் உயர உயர நாங்களும் உயர. அதைத்தான் அவன் மேற்பார்வை எண்டு சொல்லியிருப்பான்" என்றான். தானே சொன்ன பகிடிக்குத் தானே சிரித்தான். வெள்ளைக் காருக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு நீ நிற்கும் படத்தைக் காட்டினேன். "ஐயோ அன்ரி, அது முகாம் மனேஜரின்ர கார். எல்லாரும் அதுக்கு முன்னாலதான் எடுக்கிறது. வெள்ளிக்கிழமையில வரிசை நிக்கும். ஆந்திராக்காரன் ஒருத்தன் கதவைத் திறந்து உள்ள இருந்து எடுத்தவன், அவனுக்கு அடுத்த மாசமே ஊரில பொம்பிளை சரி வந்திட்டுது." அந்தப் படம் அப்பாவின் பெட்டிக்குள் இருக்கிறது, திருகோணமலை போய்ப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார். நீ வேறு ஒருவனின் காருக்கு முன்னால் நின்றாய், அவர் வேறு ஒருவரின் வயலுக்கு முன்னால் நின்றார், நடுவில் நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் காரை அப்பா நம்பினதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய வயலை நீ நம்பினதுதான் பிழையாய்ப் போனது. நீ அங்கே தாக்குப்பிடிக்கவென்று காட்டிய வயல் இப்போது உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடுகிறது. இதை நாங்கள் யோசிக்கவில்லை. நான் படித்தவள், நானாவது யோசித்திருக்கலாம்.

இனி அப்பாவின் கதைக்கு வருகிறேன். உன் குரல் பதிவு வந்த அடுத்த நாளிலிருந்து அவர் காலையில் காணாமல் போகத் தொடங்கினார். கோயிலடிக்குப் போகிறேன் என்பார். கோயிலுக்குப் போகிறவர் முழங்கை வரை முள்ளுக் கீறலோடு வருவாரா? ஒருநாள் கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பின்னால் போனேன். எங்கள் மேட்டு நிலத்தில், வெயில் ஏறும் நேரத்தில், காட்டுக் கத்தியை வைத்து ஈச்சம்பற்றையை வெட்டிக்கொண்டு நின்றார். சண்டை நேரம் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோதும் அந்த நிலம் இப்படித்தான் காடாகிக் கிடந்தது. அப்போது அவரே வெட்டித் திருத்தினார், நீ சின்னப் பெடியன், வெட்டிய முள்ளை இழுத்துக் குவித்தாய். அதனால் இப்போதும் ஏலும் என்று நினைக்கிறார். இப்போது முள்ளை இழுக்க ஆள் இல்லை, வெட்டியது வெட்டிய இடத்திலேயே கிடக்கிறது, அதன்மேல் நடக்கிறார். என்னைக் கண்டதும் கத்தியைப் பின்னால் மறைத்தார். திருடன் மாதிரி.

"என்ன செய்யிறியள் இதுக்குள்ள?"

"கொஞ்சம் வெட்டி விட்டால் காணும். அவன் வரேக்க மழை பெய்திருக்கும். பச்சையாத் தெரியும்."

"பத்தையும் பச்சைதான்."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கதை. போ, கந்தோருக்குப் போ. அவன் கேட்டால் இந்த முறை விதைக்கேல்ல, நிலத்துக்கு ஓய்வு குடுத்தனான் எண்டு சொல்லுவன். முழுக்க வெட்டத் தேவையில்ல. ரோட்டில இருந்து பாக்கிற பக்கம் மட்டும் காணும்."

நான் போய்விட்டேன். நின்று உதவி செய்திருக்கலாம், அல்லது கத்தியைப் பறித்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் பஸ் பிடித்துக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கிழமை ரகீம் நானா அவரை உழவு மெஷினின் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். காலில் ஈச்சமுள் ஏறி உள்ளே முறிந்திருந்தது. முள் ஏறி எத்தனையோ நாள், சொல்லாமல் துணி சுற்றிக்கொண்டு வெட்டியிருக்கிறார். அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிவிட்டு, பெருவிரல் கறுத்துவிட்டது, இனி மண்ணில் கால் வைத்தால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் அவரிடமே சொன்னார். அப்பா தலையாட்டினார். நான்கு நாளில் மறுபடி கத்தியைத் தேடினார். நான் ஒளித்து வைத்தேன். ரகீம் நானாவிடம் போய் இரவல் கேட்டிருக்கிறார். அந்த மனிசன் நேரே என்னிடம் வந்தார், வழக்கமான பகிடி இல்லை. "மிஸ், நான் வயல் குடுத்தது படம் எடுக்க. மச்சான் அதுக்காகக் காலக் குடுக்கப் போறான். கேட்டா, 'என்ட மகன் வாறான்' எண்டு மட்டும்தான் சொல்றான். உங்கட மகன நிப்பாட்டுங்க. இவன நிப்பாட்ட ஏலாது."

இப்போது உனக்குத் தோன்றுவது எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் போன் எடுத்து, எனக்கு எல்லாம் தெரியும் அப்பா, பரவாயில்லை, வெட்டவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைப்பாய். நீ நல்ல பிள்ளை, அப்படித்தான் நினைப்பாய். அதைச் செய்யாதே. அவரிடம் மாடு இருந்தது, போனது. விளைச்சல் இருந்தது, போனது. வீடு இருந்தது, அது மகளுடையது, மருமகன் வந்தால் கதிரையிலிருந்து எழும்புகிறார். இந்த உலகத்தில் அவரைக் கமக்காரன் என்று நம்புகிற ஒரே ஆள் நீ. உனக்கும் தெரியும் என்று ஆகிவிட்டால், இவ்வளவு காலமும் சாரம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்ற கிழவன் என்று அவருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்குக் கால் இருந்தால் என்ன, போனால் என்ன.

ஆகவே நீ செய்யவேண்டியது வேறு. வேலையை விடாதே. வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் போன் எடு. அப்பா கேட்க முன்னமே சொல், எனக்கு வயல் வேண்டாம். வெயிலும் சேறும் எனக்கு இனிச் சரிவராது, மேற்பார்வையாளராக இருந்து பழகின எனக்குக் கத்தி பிடிக்க ஏலாது, வயலை வித்துப்போடுங்கோ அல்லது காடாகப் போக விடுங்கோ, எனக்கு அக்கறை இல்லை என்று சொல். உன் வாயால் ஏலாவிட்டால் எழுதி வைத்துக்கொண்டு வாசி. குரலைத் தணிக்காதே. நீ தணித்தால் அவர், இல்லை மகன், நான் வைத்திருக்கிறேன், நீ ஆறுதலாக வா என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் காலை பற்றைக்குப் போவார். அவருக்கு மனம் விட்டுப்போகவேண்டும். அந்த நிலத்தின் மேல் அவருக்கு இருக்கும் ஆசையை அறுக்கக்கூடியவன் நீ ஒருவன்தான். அதுவும் நீ அவரை அவமதித்தால்தான்.

அவர் உன்னை ஏசுவார். இவ்வளவு விளைந்த வயலை வேண்டாம் என்கிறாயா என்று கத்துவார். அந்த நேரம் அந்த வயல் அவருக்கு உண்மையிலேயே விளைந்திருக்கும். போனை வைத்துவிடாதே, முழுவதையும் கேள். நான் பக்கத்தில்தான் இருப்பேன், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கும். அவர் களைத்து நிறுத்தினதும் நான் என் பங்குக்கு, "விடுங்கோ, பெடியன் வெளிநாட்டுக் காசைக் கண்டு மாறிப்போனான், அவனுக்கு இனி எங்கட மண் மணக்காது" என்று சொல்வேன். தங்கச்சியும் மருமகனும் கேட்கும்படி உரத்துச் சொல்வேன். அவர்களும் அதையே ஊருக்குச் சொல்வார்கள். நீ மறுத்து ஒரு வார்த்தை பேசாதே. இரும்புக் குழாய் சுமந்த தோளில் அதையும் வைத்துக்கொள். பிறகு நான் அப்பாவின் காலைக் கழுவி மருந்து கட்டுவேன், அவர் கட்டவிடுவார்.

அம்மா